முதலில் கான், பிறகு கொங்கிறீட்

தேயிலை மலையில் கான் வெட்ட ஒரு கணக்கு உண்டு. சரிவுக்குக் குறுக்கே போகும் கான் 120 அடிக்கு ஓர் அடி இறங்க வேண்டும் என்கிறது தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம். இறக்கம் கூடினால் ஓடுகிற தண்ணீர் கானின் அடியையே அறுத்துக்கொண்டு போகும். குறைந்தால் மண் படிந்து, கான் தூர்ந்து, தண்ணீர் கரை புரண்டு தேயிலைக்குள் பாயும். கானுக்குள் இடையிடையே குழியும் வரம்பும் விட்டு வண்டலைப் பிடித்து நிறுத்தும் முறையும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மழை தொடங்குவதற்குள் கான் வெட்டி முடித்தாக வேண்டும் என்பது பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்த எவருக்கும் தெரியும். மண்ணைக் காக்க 1951 இல் தனிச் சட்டமே வந்தது.

அந்தத் தேயிலையில் கொழுந்து பறிப்பவர் தன் வீட்டுக்குப் போகும் பாதைக்கு இப்படி எழுதி வைத்த கணக்கு எதுவும் இல்லை.

வெலிமடையிலிருந்து நுவரெலியா போகும் ஏ5 வீதியிலோ, பண்டாரவளைக்குத் திரும்பும் வீதியிலோ பிரிகிற தோட்டப் பாதை ஒன்றில் இறங்கிப் பாருங்கள். கிராம எல்லை வரை காபட் இருக்கும். அதன் பிறகு கொழுந்து லொறிக்காக எந்தக் காலத்திலோ கல்லடித்த ரோடு. லயங்களுக்குப் பிரியும் இடத்தில் ஏழெட்டு அடி அகலத்தில் ஒரு துண்டு கொங்கிறீட். அது தொடங்கும் இடத்தில் ஒரு பெயர்ப்பலகை. நிதி ஒதுக்கியவர் பெயரும் திறந்து வைத்தவர் பெயரும் திகதியும் அதில் இருக்கும். போட்டு ஓரிரு மழைக்காலம் கடந்த கொங்கிறீட் என்றால், பள்ளத்துப் பக்க ஓரத்தில் குனிந்து கையை நீட்டிப் பாருங்கள். பல இடங்களில் முழங்கை வரை உள்ளே போகும். மண் போய்விட்டது, கொங்கிறீட் தகடு அந்தரத்தில் நிற்கிறது. உருளைக்கிழங்கு ஏற்றிய லொறி ஒன்று ஒரு சக்கரத்தை அந்த ஓரத்தில் வைத்தால் தகடு ஒடிந்து விழும். பிறகு “கொங்கிறீட் சரியில்லை, சீமெந்தைக் குறைத்துவிட்டார்கள்” என்று ஊர் பேசும். சீமெந்து குறைந்திருக்கவும் கூடும். ஆனால் பெரும்பாலான இடங்களில் பாதையைக் கொன்றது தண்ணீர்.

கணக்கு எளிது. நூறு மீற்றர் நீளம், இரண்டரை மீற்றர் அகலமுள்ள பாதையின் பரப்பு 250 சதுர மீற்றர். அதன் மேல் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 25,000 லீற்றர் தண்ணீர். இது பாதையில் நேரே விழுந்தது மட்டும். மேட்டு லயத்துத் தகரக் கூரைகளிலிருந்து பீலி இல்லாமல் கொட்டுவதும் பின்பக்க மலையிலிருந்து வடிவதும் தனி. மண் பாதையாக இருந்தபோது இதில் ஒரு பங்கு ஊறும். மீதி கல்லிலும் புல்லிலும் தட்டித் தடுமாறி இறங்கும். கொங்கிறீட் போட்ட பிறகு ஒரு சொட்டும் ஊறாது, வேகமும் தணியாது. கான் இல்லாவிட்டால் அந்தப் பாதையே கானாகிவிடும். அது போய் முடிகிற இடம் பணிய லயம். மேலே இருப்பவர்களுக்குச் சேறு தீர்ந்தது உண்மைதான். கீழே இருப்பவர்களுக்கு நள்ளிரவில் இஸ்தோப்பில் தண்ணீர் வரத் தொடங்கியதும் அதே வேலையால்தான்.

வீதிப் பொறியியலில் இது ஒன்றும் புதுச் செய்தி கிடையாது. நமது கல்லடித்த ரோடுகளுக்கு மூலவரான ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் மெக்கடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை நிறுவிக் காட்டினார்: பாரத்தைத் தாங்குவது மேலே பரப்பிய கல்லைக் காட்டிலும் அடியில் கிடக்கும் மண், அந்த மண் நனையாதவரை ரோடு நிற்கும். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் இதை அறிந்துதான் ரோடு போட்டார்கள். இன்றும் சில பழைய தோட்ட ரோடுகளில் மலைப்பக்கம் கல் அடுக்கிய கானும், ஓடை குறுக்கிடும் இடத்தில் கருங்கல் மதகும் அசையாமல் இருப்பதைப் பார்க்கலாம். அவை கோப்பிக்கும் தேயிலைக்கும் போட்ட ரோடுகள். சாமான் கெடாமல் ஸ்டோருக்குப் போய், அங்கிருந்து துறைமுகத்துக்குப் போக வேண்டும். ஆளுநர் டொரிங்டன் 1848 இல் கொண்டுவந்த வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்று சொல்லி, மாத்தளைக் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாகியது. 1896 இல் கிளை வீதிகளுக்கும் 1902 இல் தோட்ட வீதிகளுக்கும் தனித்தனியே கட்டளைச் சட்டங்கள் வந்தன. ரோட்டைப் பற்றி இவ்வளவு யோசித்த ஆட்சி, லயத்திலிருந்து பீலிக்கரைக்கும் பிள்ளைமடுவத்துக்கும் ஆட்கள் எப்படிப் போகிறார்கள் என்று யோசிக்கவில்லை. அந்த ஒற்றையடிப் பாதைகள் தாமாகவே உண்டானவை. அவற்றின் மேல்தான் இன்று நாம் கொங்கிறீட்டைப் பூசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பாதை யாருடையது என்று கேட்டால் கேள்வி இன்னும் சிக்கலாகும். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகுப்புகள் மாகாணத்துக்கு. அதற்குக் கீழே உள்ளவை பிரதேச சபைக்கு, அதுவும் சபையின் வீதிப் பட்டியலில் ஏறியிருந்தால். தோட்டத்தின் உட்பாதை இந்த ஏணியின் எந்தப் படியிலும் இல்லை. காணி அரசுடையது, 1992 இல் தொடங்கிய தனியார்மயத்தில் 53 ஆண்டுக் குத்தகைக்குக் கம்பனிகளிடம் போனது, குடியிருப்பவரிடம் உறுதி கிடையாது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. வாக்குக் கேட்க லயத்துக்கு வரலாம், வென்ற பிறகு அதே லயத்துக்குக் கல் பரப்ப முடியாது என்ற அந்த விசித்திரம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2018 இல் சட்டம் திருத்தப்பட்டது. அது சிறிய வெற்றி இல்லை. அதற்காகப் பாடுபட்டவர்களுக்கு மலையகம் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் திருத்தம் வந்த பிறகும் பழைய பழக்கம் போகவில்லை. தோட்ட முகாமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்ற அலைச்சல் தொடர்கிறது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும்வரை கேட்பதற்குத் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. பெரும்பாலான தோட்டப் பாதைகள் பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலோ, காலத்துக்குக் காலம் பெயர் மாறிவரும் மத்திய அரசுத் திட்டங்களிலோ போடப்படுகின்றன. 2004 இல் மக நெகும, 2018 இல் கம்பெரலிய, 2020 இல் ஒரு இலட்சம் கிலோமீற்றர் என்று பெயர்கள் மாறின. போட்டவர் போய்விடுகிறார். போட்ட பாதை எவருடைய பட்டியலிலும் ஏறுவதில்லை. பட்டியலில் இல்லாத பாதையின் கானைத் தூர் வார எந்த அலுவலகமும் ஆள் அனுப்பாது.

ஒப்பிட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வெலிமடை நகருக்குள் ஒருவர் தன் காணியை நான்கு துண்டாகப் பிரித்து விற்க நினைத்தால், ஒவ்வொரு துண்டுக்கும் வீதி விட்டு வரைபடம் போட்டு அனுமதி எடுக்க வேண்டும். நான்கு வீட்டுக்குச் சட்டம் கேட்கும் கேள்வியை, நூறு குடும்பம் வாழும் லயத் தொகுதிக்கு எந்தச் சட்டமும் கேட்டதில்லை.

அகலத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வாகனத்தைத்தான் நினைக்கிறார்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி சுமார் இரண்டு மீற்றர் அகலம். அது லயத்து வாசல் வரை வர வேண்டும் என்பது நியாயமான ஆசை. கர்ப்பிணியைக் கதிரையில் வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஏறும் காட்சியை நேரில் கண்ட எவரும் வேறு பேச மாட்டார்கள். ஆனால் எல்லா லயத்துக்கும் வண்டி ஏறாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தியச் சாலைகள் பேராயத்தின் கிராமச் சாலைக் கையேடு மலைப்பகுதிகளில் 5 அல்லது 6 சதவீதச் சரிவையே விரும்புகிறது. தவிர்க்கவே முடியாத இடங்களில் 8 வரை விடுகிறது. நமது லயப் பாதைகளில் பல இடங்களில் சரிவு அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். அங்கே வழவழவென்று கொங்கிறீட் போட்டு வீதி என்று பெயர் வைப்பது, மழை நாளில் முச்சக்கர வண்டியைப் பின்னோக்கி உருளவிடும் வேலை. பாசி பிடித்துவிட்டால் நடப்பதற்கும் லாயக்கில்லை.

எனது கருத்து இது: ஒவ்வொரு லயத் தொகுதிக்கும் வண்டி வரக்கூடிய ஒரு பாதை, தேவையானால் சுற்றி வளைத்தாவது, ஒழுங்காக இருக்க வேண்டும். மற்றவை படிக்கட்டாக இருக்கட்டும். படிக்கட்டு என்றால் ஏதோ இரண்டாந்தரம் என்று நமது அரசியல்வாதிகளுக்கு ஒரு வெட்கம் இருக்கிறது; திறப்பு விழாவுக்குப் படம் எடுக்க நன்றாக இருக்காது போலும். ஆனால் விறகுக் கட்டோடு இறங்கும் பெண்ணுக்கும் முழங்கால் தேய்ந்த முதியவருக்கும் சரிந்த கொங்கிறீட்டைவிட நல்ல படி ஆயிரம் மடங்கு மேல். படியின் உயரம் ஏழு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். இருட்டில் காலுக்குக் கணக்குத் தவறுவது ஒரு படி மட்டும் மாறி இருக்கும் இடத்தில்தான். ஒரு பக்கம் கைபிடிக் குழாய். மறுபக்கம் கான்; படியின் மேலே தண்ணீர் ஓடக்கூடாது.

இனிக் கொங்கிறீட் போடும் இடத்துக்கு வருவோம். கிராமப்புறப் பாதைகளுக்கு வழக்கமாகச் சொல்லும் தடிப்பு 150 மில்லிமீற்றர், அதாவது ஆறு அங்குலம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பையில் இருக்கும் சிறிய அடிமட்டத்தின் நீளம் 15 சென்றிமீற்றர். அதே அளவு. கொங்கிறீட் ஊற்றுவதற்கு முந்தின நாள் மாலை அந்த அடிமட்டத்தோடு போனால் போதும். இரு பக்கமும் அடித்திருக்கும் பலகையின் உயரத்தைப் பாருங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு பலகையின் மேல்விளிம்பிலிருந்து எதிர்ப் பலகையின் விளிம்புக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலிலிருந்து தரை வரை அளந்து பாருங்கள். பலகையோரம் ஆறு அங்குலமும் நடுவில் மூன்றரை அங்குலமுமாக இருப்பது அபூர்வம் இல்லை. தரையைச் சமன் செய்து இறுக்காமல் விட்டால் அப்படித்தான் வரும். மதிப்பீட்டின்படி ஆறு அங்குலம் போட்டதாகக் கணக்கும் எழுதப்படும்.

தண்ணீர் இன்னொரு விஷயம். 50 கிலோ சீமெந்து மூட்டைக்கு 25 லீற்றர் என்பது மணலின் ஈரத்தையும் சேர்த்து நல்ல அளவு. வேலையாட்களுக்குக் கலவை இளகி ஓடினால்தான் கை நோகாது. வாளி வாளியாக ஊற்றிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? மேற்பார்வை செய்ய வேண்டிய தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் தலையில் எத்தனை வேலைத்தளங்களைக் கட்டியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பிறகு வெட்டு. மூன்று, நான்கு மீற்றருக்கு ஒருமுறை குறுக்கே வெட்டு விடாவிட்டால், கொங்கிறீட் தனக்கு விருப்பமான இடத்தில் வெடித்துக்கொள்ளும். வெடித்த இடத்தால் தண்ணீர் அடிமண்ணுக்குள் இறங்கும்.

ஊவாவுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றால்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்போன மணம் வருகிறது. ஏலத்தில் விலையும் கிடைக்கிறது. அதே காற்று புதிதாக ஊற்றிய கொங்கிறீட்டின் ஈரத்தை ஒரு மணி நேரத்துக்குள் உறிஞ்சி, மேல்பரப்பில் மயிர்க்கோடுகளாக வெடிப்பு விழ வைக்கும். ஊற்றிய அன்றே மூடி, நனைந்த சாக்குப் பரப்பி, குறைந்தது ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். அது தோட்டத்துப் பீலிகளில் தண்ணீர் நூலாக வடியும் பருவமும்கூட. குடிக்கத் தண்ணீர் இல்லாத லயத்தில் கொங்கிறீட்டுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? பவுசரில் தண்ணீர் கொண்டுவரும் செலவு மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும்.

அப்படியென்றால் மழைக்காலத்தில் போடலாமா? நடைமுறையில் நடப்பது அதுதான். நமது அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. செலவிடாத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். ஆகவே ஒக்டோபரில் அவசரம் பிடித்து, நவம்பரில் கல் இறக்கி, டிசம்பரில் ஊற்றி முடிக்கிறார்கள். மேல் மாகாணத்துக்கு எப்படியோ தெரியாது, ஊவாவில் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் பெருமழை. இறுக்க வேண்டிய மண் சேறாக இருக்கும்போது, தார்ப்பாய் பிடித்துக்கொண்டு கொங்கிறீட் ஊற்றுகிறோம். கொழும்பின் கணக்குப் புத்தகமும் ஊவாவின் வானமும் ஒத்துப்போகாததால் ஆண்டுதோறும் எவ்வளவு சீமெந்து வீணாகிறது என்பதை ஒரு கணக்காய்வாளராவது எழுத வேண்டும்.

கானுக்குத் திரும்புகிறேன். பாதை ஒரு பக்கமாக, மலைப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். எட்டடி அகலத்துக்கு இரண்டரை அங்குலச் சரிவு போதும். பள்ளத்துப் பக்கம் சரித்தால் ஓரத்து மண் அரிக்கும். நான் மேலே சொன்ன அந்தர நிலை அங்கேதான் தொடங்குகிறது. மலைப்பக்கக் கானில் சேரும் தண்ணீரைப் பாதைக்குக் குறுக்கே கடத்தும் குழாய், ஆள் குனிந்து மண் அள்ளும் அளவுக்காவது இருக்க வேண்டும். ஒரு அடிக் குழாயைப் போட்டால் முதல் மழையிலேயே இலையும் பிளாஸ்டிக் போத்தலும் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மேலேறிப் பாதையைக் கடக்கும். கடைசியாக, குழாய் வாயிலிருந்து கொட்டும் தண்ணீர் எங்கே போகிறது? இந்தக் கேள்விக்கு மதிப்பீட்டில் பதில் இல்லாவிட்டால் அந்த மதிப்பீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். அநேகமாக அது கீழே உள்ள ஒருவருடைய மரக்கறித் தோட்டத்துக்குள்ளோ கொல்லைப்புறத்துக்குள்ளோ போகும். கல் பாவிய வாய்க்கால் வழியாக இயற்கையான ஓடை வரை கொண்டுபோய் விடுவதற்கான செலவும் பாதையின் செலவுதான்.

பாதையின் மட்டத்தையும் விடக்கூடாது. பழைய பாதையைத் தோண்டாமல் அதன் மேலேயே அடுக்கிக்கொண்டே போனால், ஒரு நாள் பாதை இஸ்தோப்பை விட உயர்ந்துவிடும். இது நமக்கு மட்டுமான நோய் இல்லை. சென்னையில் வீதி உயர்ந்து உயர்ந்து வீடுகள் பள்ளத்துக்குள் போனதால், பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போட வேண்டும் என்று 2021 இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் உத்தரவிட வேண்டியிருந்தது.

இவ்வளவும் கேட்டால் வேலை நடக்காது, ஏழைகளுக்கு ஏதோ ஒரு கொங்கிறீட்டாவது கிடைப்பதைக் கெடுக்காதீர்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சேற்றில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் தாய்க்கு, தரநிர்ணயம் பற்றிய கட்டுரை எரிச்சலைத்தான் தரும். ஆனால் செலவைப் பாருங்கள். கானும் மதகும் சேர்த்தால் அதே பணத்துக்கு நூறு மீற்றருக்குப் பதில் அறுபது மீற்றர்தான் வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறுபது மீற்றர் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகும் வரை இருக்கும். நூறு மீற்றரை அடுத்த தேர்தலுக்குத் திரும்பப் போட வேண்டும். சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் வட்டாரத்துக்கு நீளம் குறைந்தாலும் பரவாயில்லை, கானோடு போடுங்கள் என்று சொல்லும் உறுப்பினர் வாக்கு இழக்கக்கூடும். அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு வாதம் கம்பனிகளிடமிருந்து வருவது: லயங்களை உடைத்துப் புதிய வீட்டுத் திட்டம் வரப்போகிறது, இப்போது எதற்கு லயத்துக்குப் பாதை? வரப்போகும் வீடுகளைப் பற்றி எனக்கும் மகிழ்ச்சிதான். 2025 ஒக்டோபரில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் ஒரு கட்டத்துக்கான உரிமைப் பத்திரங்கள் பண்டாரவளையில்தான் வழங்கப்பட்டன. ஆனால் எல்லோருக்கும் வீடு வந்து முடிய எத்தனை ஆண்டு என்று எவராலும் சொல்ல முடியாது. அதோடு, புதிய திட்டங்களிலும் கதை வேறில்லை. சுவர் எழும்பி, கூரை போட்டு, வர்ணம் பூசி, சாவியும் கொடுத்த பிறகு உள்வீதி சிவப்பு மண்ணாகவே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு நிலத்தை மட்டமாக வெட்டிய அன்றே வீதியும் கானும் வெட்டப்பட வேண்டும். பிறகு வெட்டினால் ஒரு வீட்டின் அத்திவாரத்தைத் தோண்டித்தான் இன்னொரு வீட்டுக்கு வழிவிட முடியும்.

மலையை வெட்டுவது பற்றி மலையகத்தில் எவரும் அலட்சியமாகப் பேசக்கூடாது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் சொல்லியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. ரோடுகள் அறுந்து, தோட்டங்கள் தீவுகளாகின. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை முறையில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம். வெளியேறுவது என்றால் எந்த வழியால்? லயத்திலிருந்து பாடசாலைக்கோ கோயிலுக்கோ போகும் அந்த ஒரே பாதை, மண் சரியும் அதே ஓடையின் வழியாகப் போனால் சிவப்பு எச்சரிக்கை வந்து என்ன பிரயோசனம்? லயத் தொகுதியின் பாதைத் தரத்தில், வெளியேறும் வழி எது, அதில் விளக்கு இருக்கிறதா, கைபிடி இருக்கிறதா என்பதும் அகலத்தைப்போல் ஒரு நிபந்தனையாக வேண்டும். பாதைக்காக மலைச்சரிவை வெட்டுமுன் அந்த நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். வெட்டிய இடத்தைத் தாங்கு சுவர் இல்லாமல் விடுவது அடுத்த சரிவுக்கு நாமே நாள் குறிப்பது.

பராமரிப்பில் நாம் இந்தியாவிடம் கற்கலாம். 2000 டிசம்பர் 25 இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், சாலை போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்து ஆண்டு அதைப் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்துக்குள்ளேயே வருகிறது. கான் வெட்டாமல் போனால் அடுத்த ஐந்து ஆண்டும் நஷ்டம் தனக்குத்தான் என்று தெரிந்தவர் கானை மறக்க மாட்டார். இங்கே அந்தப் பொறுப்பின் ஒரு பகுதியைத் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களிடம் கூலியோடு கொடுக்கலாம். கான் தூர் வாரத் தெரிந்தவர்கள் அவர்களைவிட வேறு யார் இருக்கிறார்கள்? கூலி கொடுக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிரமதானம் என்ற பெயரில் அதையும் இலவசமாக வாங்கிவிட வேண்டாம்.

பராமரிப்புத் தவறினால் என்ன நடக்கும் என்பதைப் பசறை 13 ஆம் கட்டையில் பார்த்தோம். 2021 மார்ச் 20 இல் லுணுகலையிலிருந்து போன பஸ் பள்ளத்தில் உருண்டு பத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையிலிருந்து விழுந்த பாறை வீதியை ஒடுக்கிக்கொண்டு அகற்றப்படாமல் கிடந்ததை நாடே காணொளியில் கண்டது. அது பட்டியலில் உள்ள பெரிய வீதி. ஆகவே கேள்வி எழுந்தது. லயப் பாதையில் வழுக்கி இடுப்பு உடைந்த மூதாட்டிக்காக எந்த விசாரணையும் நடந்ததில்லை.

பெயர்ப்பலகை பற்றி ஒரு சொல். திறந்தவர் பெயர் இருக்கட்டும், அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன். அதற்குக் கீழே பாதையின் நீளம், அகலம், தடிப்பு, கானின் நீளம், செலவு, ஒப்பந்தக்காரர், எத்தனை ஆண்டு உத்தரவாதம், பராமரிக்க வேண்டிய அலுவலகம் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். எழுதாவிட்டாலும் கேட்டு வாங்க முடியும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் பிரதேச சபையிடமோ பிரதேச செயலகத்திடமோ மதிப்பீட்டின் பிரதியையும் அளவைப் பட்டியலையும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வாய்மொழியாகவும் கோரிக்கை வைக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வெலிமடை, ஊவா பரணகம சபைகள் செய்ய வேண்டிய முதல் வேலைக்குப் பெரிய நிதி தேவையில்லை. தமது எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு லயத் தொகுதிக்கும் போகும் பாதைகளை நடந்து பார்த்து, வண்டிப் பாதை எது, படிப்பாதை எது, வெளியேறும் வழி எது என்று குறித்து, சபையின் வீதிப் பட்டியலில் தீர்மானம் போட்டு ஏற்ற வேண்டும். டித்வாவுக்குப் பிறகு திருத்தப்படும் பாதைகளை இந்தப் பட்டியலுக்கு வெளியே வைத்தே போட்டு முடித்துவிட்டால், அடுத்த பத்து ஆண்டுக்கு அவற்றைக் கேட்க ஆளில்லை. பட்டியலோடு ஒரு பக்கத்தில் தர அளவுகளும் வேண்டும். தோட்ட எல்லையில் வேலை கேட்கும் எந்த அரசியல்வாதியின் நிதியாக இருந்தாலும் அந்த ஒரு பக்கத்துக்கு உட்பட்டே போட வேண்டும் என்று சபை சொல்லலாம்; தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையெழுத்து வைப்பதற்கு முன் கான் வெட்டி முடிந்திருக்க வேண்டும் என்றும் சேர்க்கலாம்.

நாள்காட்டியையும் மாற்ற வேண்டும். ஏப்ரல் இடிமழை ஓய்ந்து, ஜூலைக் காற்று எழும்புவதற்கு இடைப்பட்ட மே, ஜூன் மாதங்கள்தான் ஊவாவில் மண் இறுக்கவும் கொங்கிறீட் ஊற்றவும் ஏற்றவை. மேயில் வேலை தொடங்க வேண்டுமானால் மார்ச்சில் விலைமனு கோர வேண்டும். பெப்ரவரி முடிவதற்குள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் லயத்துக்கு வந்து, மழைநீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டு, மதிப்பீட்டை முடித்திருக்க வேண்டும்.